மெட்ரோ நின்ற மாதத்தில் சைக்கிள் ஏறிய பாரிஸ்

2019 டிசம்பர் 5, வியாழக்கிழமை. போக்குவரத்து ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள். பாரிஸ் மெட்ரோவின் 16 லைன்களில் அன்று வழக்கம்போல ஓடியவை இரண்டுதான்: 1ஆம் லைன், 14ஆம் லைன். இரண்டிலும் ஓட்டுநர் கிடையாது. 14ஆம் லைன் 1998இல் திறக்கும்போதே தானியங்கி. 1ஆம் லைனை 2011, 2012 வாக்கில் அப்படி மாற்றினார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை மூடிக்கிடந்தன. சில லைன்கள் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போயின. புறநகர் ரயில்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். நிலைமை சீராக ஜனவரி 20 ஆகிவிட்டது.

இந்த ஒன்றரை மாதத்தில்தான் பாரிஸ் சைக்கிள் நகரமானது என்று ஒரு கதை நிலைத்துவிட்டது. மெட்ரோ நின்றது, ஜனங்கள் சைக்கிளை எடுத்தார்கள், ருசி பிடித்தது, விடவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே நகரத்தில் 1995இலும் மெட்ரோ நின்றது. அப்போதும் ஜனங்கள் சைக்கிளை எடுத்தார்கள். மெட்ரோ திரும்பியதும் பெரும்பாலோர் அதைக் கீழறையிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். இரண்டு தடவைக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஜனங்களின் மனசைவிடத் தெருதான் அதிகம் மாறியிருந்தது.

ஸ்ட்ரைக் எதற்கு

பிரான்சில் அப்போது 42 தனித்தனி ஓய்வூதியத் திட்டங்கள் இருந்தன. அத்தனையையும் கலைத்து, புள்ளிக்கணக்கில் நடக்கும் ஒரே திட்டமாக ஆக்கப்போவதாக மக்ரோன் அரசு சொன்னது. பாரிஸில் மெட்ரோவும் பஸ்ஸும் ஓட்டும் ஆர்.ஏ.டி.பி. நிறுவன ஊழியர்களுக்கு அதில் ஒரு தனித் திட்டம் இருந்தது. மற்றவர்களைவிடப் பல வருடம் முன்னதாகவே ஓய்வு பெற முடிந்தது. விடியற்காலை, நள்ளிரவு, ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் சுரங்கத்துக்குள் வேலை செய்வதற்கு ஈடாகக் கிடைத்த உரிமை அது என்பது அவர்கள் வாதம். வேலையில் சேரும்போது சொன்ன கணக்கை நடுவழியில் மாற்றினால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

செப்டம்பர் 13 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது. 10 லைன்கள் அடியோடு நின்றன. அடுத்தது காலவரையற்றது, டிசம்பர் 5 முதல் என்று நாளும் குறித்துவிட்டார்கள். இந்தக் கேஸைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இது. திடீரென்று விழுந்த இடி அல்ல. இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. செப்டம்பர் வெயிலில் ஒருமுறை சைக்கிளில் போய்ப் பார்த்து, ‘அட, அரை மணி நேரம்தானா’ என்று தெரிந்துகொண்டவர்களுக்கு டிசம்பர் மழை அவ்வளவு பெரிய திகிலாக இருந்திருக்காது. அதே செப்டம்பரில்தான் ‘வெலிகோ’ வந்தது. பாரிஸை உள்ளடக்கிய இல்-து-பிரான்ஸ் மண்டலத்தின் போக்குவரத்து ஆணையம் நீண்டகால வாடகைக்கு விட்ட மின்சார சைக்கிள் அது. மாதம் 40 யூரோ, அதில் பாதியை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டியிருந்தது. வேலைநிறுத்தத்தை நினைத்துத் தொடங்கியது அல்ல. ஆனாலும் இதைவிட நல்ல நேரம் பார்த்திருக்க முடியாது.

1995இல் என்ன நடந்தது

அன்றைய பிரதமர் அலன் ஜுப்பேயும் இதே ஓய்வூதியத்தில்தான் கை வைத்தார். நவம்பர் 24 அன்று ரயில்கள் நின்றன, அடுத்த சில நாள்களில் மெட்ரோவும் நின்றது. டிசம்பர் நடுவில் அரசு ஓய்வூதியப் பகுதியைத் திரும்பப் பெறும்வரை சுமார் மூன்று வாரம். அப்போது ஓட்டுநரில்லாத லைன் ஒன்றுகூடக் கிடையாது. நின்றது என்றால் எல்லாம் நின்றது. நடந்தார்கள், முன்பின் தெரியாதவர் காரில் ஏறினார்கள், பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள்.

சைக்கிள் தடம் என்று சொல்லிக்கொள்ளும்படி அன்று பாரிஸில் பெரிதாக எதுவும் இல்லை. கார்கள் நகராமல் நின்ற நெரிசல்தான் சைக்கிள்காரருக்குப் பாதுகாப்பு. இடைவெளியில் புகுந்து போகலாம். மெட்ரோ ஓடத் தொடங்கியதும் கார்களுக்கும் வேகம் வந்துவிட்டது, இடைவெளி போய்விட்டது. ஆனால் அந்த மூன்று வாரமும் வீண் போகவில்லை. 1996 ஜனவரியில் மேயர் ழான் திபெரி, நகரத்துக்கு ஒரு சைக்கிள் திட்டத்தை அறிவித்தார். அவர் போட்ட தடங்களில் பெரும்பாலானவை சாலையில் இழுத்த வெள்ளைக் கோடுதான். டெலிவரி வண்டி நிறுத்த வசதியான இடம் என்று கிண்டல் செய்யலாம், தப்பில்லை. அதே 1996 டிசம்பரில் வந்த காற்றுத் தூய்மைச் சட்டம், நகரச் சாலையைப் புதுப்பிக்கும்போது சைக்கிளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்றது. பிறகு வந்த பெர்த்ரான் தெலனோயே காலத்தில் பஸ் தடங்களைக் கல் வைத்துப் பிரித்து, பலவற்றில் சைக்கிளையும் அனுமதித்தார்கள். 2007 ஜூலையில் ‘வெலிப்’ வாடகை சைக்கிள் வந்தது.

உண்மையான மாற்றம் ஆன் இதால்கோ மேயரான பிறகுதான். 2015இல் நகரசபை 15 கோடி யூரோ ஒதுக்கி, 2020க்குள் தடங்களின் நீளத்தை 700 கிலோமீட்டரிலிருந்து இரண்டு மடங்காக்குவதாகச் சொன்னது. வேலை நத்தை வேகத்தில் நடந்தது. ‘பாரிஸ் ஆன் செல்’ என்ற சைக்கிள் சங்கம், எத்தனை கிலோமீட்டர் சொன்னீர்கள், எத்தனை போட்டீர்கள் என்று பொதுவில் கணக்கு வைத்து நகரசபையின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. 2018, 2019இல் ஒருவழியாகச் சூடுபிடித்து, நகரம் முழுக்கப் பள்ளம் தோண்டி, டாக்ஸிக்காரர்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, ரிவோலித் தெருவிலும் செபஸ்தொபோல், வோல்தேர் புல்வார்களிலும் கல் வைத்துப் பிரித்த தடங்கள் வந்தன. 2018 செப்டம்பரிலிருந்து 2019 செப்டம்பருக்குள் சைக்கிள் போக்குவரத்து 54 சதவீதம் கூடியதாக நகரசபையின் சைக்கிள் எண்ணும் கருவிகள் காட்டின. இது வேலைநிறுத்தத்துக்கு முந்தைய கணக்கு. கதையின் வரிசை இங்கேயே புரண்டுவிடுகிறது.

காலை எட்டரை, ஷாத்லே

ரிவோலித் தடமும் செபஸ்தொபோல் தடமும் நகர மையத்திலுள்ள ஷாத்லே பக்கத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இரண்டிலும் போகவும் வரவும் ஒரே தடம்தான். டிசம்பரில் பாரிஸில் சூரியன் எட்டரைக்கு மேல்தான் எழும், மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். அலுவலகம் போகிறவர்கள் இரண்டு வேளையும் இருட்டில்தான் மிதித்தார்கள். சிவப்பு விளக்கில் சைக்கிள்கள் சேர்ந்து சேர்ந்து, பின்னாலிருக்கும் முந்தைய சந்திப்பு வரைக்கும் வால் நீண்டுவிடும். பச்சை விழுந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப முடியாது: புதிதாக வந்தவர் பெடலைத் தேடுவார், ஒருவர் கால் ஊன்றி ஊன்றித் தள்ளுவார், நடுவில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வளைந்து போகும். எதிர்த்திசைக் கூட்டமும் அதே அகலத்துக்குள் வந்தாக வேண்டும். இதற்கிடையே சந்திப்பின் நடுவில் மாட்டிக்கொண்ட கார்கள் தடத்தின் குறுக்கே நிற்கும். அவர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வாரங்களில் பாரிஸ் மண்டலத்துச் சாலைகளில் காலை நெரிசல் மொத்தம் 600 கிலோமீட்டரைத் தாண்டிய நாள்கள் உண்டு.

யார் பழையவர், யார் புதியவர் என்று கிட்டப்போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். புதியவரின் சீட் தாழ்வாக இருக்கும், முழங்கால் நெஞ்சு வரைக்கும் வரும். டயரில் காற்று பாதிதான். மட்கார்டு இல்லாத மலைச்சைக்கிள், அதனால் முதுகில் ஒரு சேற்றுக்கோடு. விளக்குக்குப் பதிலாகக் கையில் பிடித்த மொபைல். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஒருவர் மறுவாரமும் வருவாரா மாட்டாரா என்பதைக் கொள்கையைவிட இவைதான் அதிகம் முடிவு செய்கின்றன. சீட்டை நாலு விரல் உயர்த்தினால் களைப்பு பாதியாகக் குறையும். மட்கார்டு போட்டால் அலுவலகத்தில் மாற்று உடை தேவையில்லை. அப்புறம் பூட்டு. மெல்லிய கம்பிப் பூட்டை நம்பித் தெருவில் விட்டவர்களில் பலர் சைக்கிளோடு ஆசையையும் தொலைத்தார்கள். கனமான யு வடிவப் பூட்டுத்தான் இந்த ஊருக்குச் சரி. பழுதுபார்க்கும் கடைகளில் வரிசை நின்றது. நாமே கருவிகளை எடுத்து, தன்னார்வலர் சொல்லித்தர, பிரேக் கட்டையும் செயினும் மாற்றிக்கொள்ளும் பட்டறைகள் பாரிஸில் பழைய வழக்கம். அவை இல்லாவிட்டால் கீழறைச் சைக்கிள்கள் பாதி தெருவுக்கே வந்திருக்காது.

சைக்கிள் எண்ணும் கருவிகளின் கணக்கு வழக்கமான டிசம்பரைவிட இரண்டு மடங்கையும் தாண்டியது. விபத்துகளும் கூடின. விளக்கில்லாத சைக்கிள், ஓட்டத் தெரியாத ஸ்கூட்டர், பொறுமையிழந்த கார் மூன்றும் ஒரே சந்திப்பில் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்.

வெலிப் ஏன் தாங்கவில்லை

‘வாடகை சைக்கிள் இருக்கிறதே, மெட்ரோ எதற்கு’ என்று அந்த நாள்களில் எழுதியவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. மெட்ரோவில் சாதாரண நாளில் ஏறுகிறவர்கள் 40 லட்சத்துக்கும் மேல். வெலிப்பில் இருந்தவை சுமார் 15,000 சைக்கிள்கள். ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்துத் தடவை கைமாறினாலும் ஒன்றரை லட்சம் பயணம்தான் ஆகிறது.

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் சரிவு. பெல்வில், மெனில்மொந்தான், மொன்மார்த்ர் எல்லாம் மேட்டில் இருக்கின்றன. காலையில் எல்லோரும் அங்கிருந்து இறங்கி மையத்துக்குப் போவார்கள். எட்டு மணிக்கு மேட்டு நிலையங்கள் காலி, ஒன்பது மணிக்கு மைய நிலையங்கள் நிரம்பி வழியும். சைக்கிளை விட இடம் தேடி ஒன்று இரண்டு மூன்று நிலையம் சுற்ற வேண்டும். வழக்கமான நாளில் லாரிகள் வந்து ஏற்றிச் சமன் செய்யும். வேலைநிறுத்த நாளில் அந்த லாரிகளும் அதே நெரிசலில்தான் நின்றன. போதாக்குறைக்கு வெலிப் 2018 ஜனவரியில்தான் நிறுவனம் கைமாறி, ஒரு வருடத்துக்கு மேல் சீரழிந்து, அப்போதுதான் தலை தூக்கியிருந்தது. அன்று மாதம் 3 யூரோ 10 சென்ட் சந்தாவில் சாதாரண சைக்கிளை அரை மணி நேரம் இலவசமாக எடுக்க முடிந்தது மலிவுதான், எடுக்கச் சைக்கிள் இருந்தால்.

ஆக மெட்ரோவின் இடத்தைச் சைக்கிள் பிடித்ததாகச் சொல்வது மிகை. பெரும்பாலோர் நடந்தார்கள், விடுப்பு எடுத்தார்கள், வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள், நெரிசலில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடியாதவர்களின் பாடு தனி.

இரவு பதினொன்றுக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிறவர்

இங்கே லாச்சப்பலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய இந்தக் கடைத்தெரு பாரிஸ் தமிழர்களின் சந்தை. ஆனால் அங்கே வந்து போகும் தமிழர்களில் பலர் குடியிருப்பது நகரத்துக்கு வெளியே, லா கூர்நெவ், பொபினி, திரான்சி போன்ற வடகிழக்குப் புறநகரங்களில். வேலையோ நகரத்துக்குள், நிறையப் பேருக்கு உணவகச் சமையலறையில்.

வேலைநிறுத்தத்தின்போது ஓடிய கொஞ்ச ரயிலும் அலுவலக நேரத்துக்குத்தான் ஓடியது. காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்புகிறவருக்கு முண்டியடித்தாவது ஏற ஒரு ரயில் இருந்தது. இரவு பதினொன்றுக்கு மேல் பாத்திரம் கழுவி முடிப்பவருக்கும், விடியற்காலை நாலரைக்கு அலுவலகம் கூட்டப்போகும் பெண்ணுக்கும் ஒன்றும் இல்லை. பத்திரிகைப் படங்களில் தலைக்கவசமும் மழைச்சட்டையுமாக நின்ற ரிவோலிக் கூட்டத்தில் இவர்கள் இல்லை. இவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் படம் எடுக்க ஆளே இல்லை.

பொபினியிலிருந்து வருபவருக்கு ஒரு நல்ல வழி உண்டு: ‘ஊர்க்’ (Ourcq) என்ற கால்வாயின் கரை. பொபினி, பாந்தான் வழியாகப் பழைய மாவு ஆலையைத் தாண்டி, நகரைச் சுற்றும் பெரிபெரிக் வளையச்சாலையின் அடியில் நுழைந்து, லா வில்லெத் பூங்கா வழியாக ஸ்தாலின்கிராத் வரைக்கும் கொண்டுவந்து விடும். மேடு கிடையாது, கார் கிடையாது, சிக்னலும் ஏறக்குறைய கிடையாது. நல்ல பகலில் இதைவிடச் சுகமான வழி பாரிஸில் குறைவு. ஆனால் குளிர்கால நள்ளிரவில் தனியாக வரும்போது அதே கரை வேறு ஊர். விளக்கு இல்லாத துண்டுகள் வரும், ஈர இலை வழுக்கும், சில இடங்களில் கல் பாவிய தரை கைப்பிடியை உதறும். ஒரு பக்கம் தடுப்பில்லாத தண்ணீர். பெண்கள் பலர் இந்த வழியை இருட்டிய பிறகு தொடவே மாட்டார்கள். கால்வாய் வேண்டாம் என்றால் நெடுஞ்சாலை இறங்கும் ‘போர்த்’கள், அதாவது நகர எல்லை வாசல்கள், இருக்கின்றன, போர்த் து லா சப்பல் மாதிரிச் சந்திப்பில் லாரிக்கும் சரிவுப்பாதைக்கும் நடுவில் சைக்கிளோடு நிற்பது எந்தப் புதியவருக்கும் ஒருமுறை போதும்.

ரிவோலி நன்றாக இருந்தது, ஏனென்றால் பாரிஸ் சின்ன ஊர். 105 சதுர கிலோமீட்டர். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் குடியிருக்கக் காசுள்ளவருக்குத்தான் சைக்கிள் சுலபமான தீர்வானது. இந்தக் கேஸில் எனக்கு உறுத்துவது இதுதான்.

முடிந்த பிறகு

டிசம்பர் 24 அன்று, வேலைநிறுத்தம் உச்சத்தில் இருக்கும்போதே, புதிய போக்குவரத்துச் சட்டம் அமலுக்குக் கையெழுத்தானது. சைக்கிளிலோ கார் பகிர்ந்தோ வேலைக்கு வருகிறவருக்கு நிறுவனம் வருடம் 400 யூரோ வரை வரியில்லாமல் தரலாம் என்பது அதில் ஒரு பிரிவு. பல வருடம் பேசித் தயாரான சட்டம், தேதி தற்செயல். பொதுப் போக்குவரத்துக்கான நவிகோ பாஸுக்கு டிசம்பர் மாதம் கட்டிய 75 யூரோ 20 சென்ட்டைப் பயணிகளுக்குத் திருப்பித் தந்தார்கள். பலருக்கு அது ஒரு பூட்டும் இரண்டு விளக்கும் வாங்கப் போதுமான காசு. ஜனவரி 11 அன்று பிரதமர் எதுவார் ஃபிலிப் முழு ஓய்வூதியத்துக்கு 64 வயது என்ற பிரிவைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டார். 20ஆம் தேதி மெட்ரோ கிட்டத்தட்ட முழுசாக ஓடியது.

சைக்கிள்காரர்களில் எத்தனை பேர் தங்கினார்கள்? சுத்தமான விடை கிடைக்காது. எட்டு வாரம் போனதுமே, மார்ச் 17 அன்று, கோவிட் ஊரடங்கு நகரத்தையே பூட்டிவிட்டது. மே 11 அன்று திறக்கும்போது மெட்ரோவில் நெருக்கி நிற்கப் பயம். நகரசபை 50 கிலோமீட்டர் தற்காலிகத் தடங்களை மஞ்சள் கோடும் பிளாஸ்டிக் தடுப்பும் வைத்துப் போட்டது. ரிவோலியில் தனியார் கார்கள் போகத் தடை போட்டது. அந்தத் தடங்கள் மெட்ரோவின் 1, 4, 13ஆம் லைன்களுக்கு மேலேயே, அவற்றின் வழியைப் பின்பற்றிப் போனவை. தரைக்கடியில் கூட்டம் எங்கே போகிறதோ அங்கேதான் தரைமேல் சைக்கிளும் வேண்டும் என்ற கணக்கு. வேலைநிறுத்தத்தில் ஜனங்கள் தாங்களாகவே மிதித்துக் காட்டிய வழியை அதிகாரம் கோடு போட்டு ஒப்புக்கொண்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

2024இல் வந்த ஓர் ஆய்வு, பாரிஸ் நகரத்துக்குள் நடக்கும் பயணங்களில் 11.2 சதவீதம் சைக்கிளில், 4.3 சதவீதம்தான் காரில் என்றது. இதை 2019 டிசம்பரின் பலன் என்று காட்டுபவர்களை நம்ப வேண்டாம். அதில் ரிவோலி இருக்கிறது, கோவிட் இருக்கிறது, வெலிகோ இருக்கிறது, 2021இல் வந்த 25 கோடி யூரோ சைக்கிள் திட்டம் இருக்கிறது. வேலைநிறுத்தத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க முடியாது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் நியூயார்க் இருக்கிறது. 1980 ஏப்ரல் 1 முதல் 11 நாள் அங்கே சப்வேயும் பஸ்ஸும் நின்றன. ஜனங்கள் புரூக்ளின் பாலத்தில் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். உற்சாகமான மேயர் எட் காச் அந்த இலையுதிர் காலத்திலேயே சிக்ஸ்த் அவென்யூ உள்ளிட்ட சில தெருக்களில் தடுப்பு வைத்துச் சைக்கிள் தடம் போட்டார். கடைக்காரரும் டாக்ஸிக்காரரும் கூச்சல் போட, சுமார் ஒரே மாதத்தில் பெயர்த்து எறிந்தார். தடுப்பு வைத்த தடம் மன்ஹாட்டனின் அவென்யூ ஒன்றுக்குத் திரும்பி வர 2007 ஆனது. அங்கே ஸ்ட்ரைக் முந்தி, தெரு பிந்தி. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் அந்தத் தடம் நிலைத்திருக்குமோ என்னவோ. பாரிஸிலும் திபெரியின் வெள்ளைக்கோட்டுக்கும் இதால்கோவின் கல்தடுப்புக்கும் நடுவில் இருபது வருடம் ஓடிவிட்டதே.

பாரிஸ் நகரத்துக்குள் சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2023இல் மறுபடி ஓய்வூதிய வேலைநிறுத்தங்கள் வந்தபோது சைக்கிள் கூட்டத்தை யாரும் அதிசயமாகப் படம் எடுக்கவில்லை. பாக்கியெல்லாம் வளையச்சாலைக்கு வெளியேதான். சைக்கிள் சங்கங்களின் கூட்டமைப்பு 2020 தொடக்கத்தில் புறநகர் ரயில் வரைபடத்தைப் போலவே ஒன்பது லைன், 650 கிலோமீட்டர் சைக்கிள் வலை ஒன்றை வரைந்து கொடுத்தது. மண்டல நிர்வாகம் 30 கோடி யூரோ வரை தருவதாக அந்த வசந்த காலத்திலேயே சொன்னது. ஆனால் பாரிஸைப் போல ஒரே மேயர் முடிவெடுக்கும் இடம் அல்ல அது. ஒவ்வொரு லைனும் பல நகரசபைகளைத் தாண்ட வேண்டும், ஒருவர் போட்டதை அடுத்தவர் தன் எல்லையில் நிறுத்தலாம். சில துண்டுகள் வந்திருக்கின்றன, சில வரைபடத்திலேயே இருக்கின்றன. திட்டத்தின் பெயரைக்கூட நடுவில் மாற்றிவிட்டார்கள். திரான்சியிலிருந்து இரவு வேலைக்கு வருகிறவர், அடுத்த தடவை ரயில் நின்றால், இன்னும் அந்தப் ‘போர்த்’ சந்திப்பைக் கடந்தேதான் ஊருக்குள் வர வேண்டும்.